மயில் கழுத்துச் சுவர்

எங்கள் வீட்டில் சுவர் என்றால் வெள்ளைதான். பிள்ளையார்பாளையத்தில் தறி ஓடும் வீட்டுக்கு அதுதான் தோது. சுவரில் நிறம் இருந்தால் அது பட்டின் மேல் விழும்; சிவப்பு எது, அரக்கு எது என்று கண் தடுமாறும். கல்யாணமாகி வந்த நாள் முதல் என் மனைவி அந்தச் சுண்ணாம்பு வெள்ளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். போன வருஷம் தறிக்குப் பின்பக்கம் புதிதாக ஓர் அறை கட்டினோம். பூச்சு காய்வதற்குள் சொல்லிவிட்டாள்.

"இந்த ரூமுக்கு கலரு நான்தான் சொல்வேன். மயில் கழுத்து."

நாங்கள் இருவரும் சேர்ந்து நெய்த முதல் புடவையின் நிறம் அது. முடித்த அன்றே கடைக்குப் போய்விட்டது. பிறகும் அந்த நிறத்தில் எத்தனையோ நெய்தோம். எல்லாமே மடித்துக் கொடுத்ததுதான்.

"சுவருன்னா யாரும் மடிச்சு எடுத்துக்கினு போவ முடியாதுல்ல?" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது. என்ன ஆனாலும் அந்த நிறத்தைச் சுவரில் கொண்டுவந்தே தீருவது என்று நினைத்துக்கொண்டேன்.

பெயிண்ட் கடையில் ஷேடு கார்டை நீட்டியதும் வெளிச்சத்துக்காக வாசலுக்கு எடுத்துப் போனோம். அவள் முந்தானையில் முடிந்து வந்த மயில் கழுத்துப் பட்டுத் துணுக்கை ஒவ்வொரு கட்டத்தின் மேலும் வைத்துப் பார்த்தாள். பிறகு பழக்கதோஷத்தில் கார்டையே இரண்டு விரலால் கசக்கிப் பார்த்தாள். "கிழிஞ்சிடும்மா, விடும்மா" என்று கடைக்காரர் ஓடி வந்தார். பச்சையே இரண்டு பக்கத்துக்கு இருந்தது. வேப்பங்கொழுந்து இருந்தது, பாசி இருந்தது, ஆஸ்பத்திரிச் சுவர்கூட இருந்தது. எதைச் சாய்த்துப் பார்த்தாலும் நிறம் மாறவில்லை.

"எல்லாம் செத்துக் கிடக்குதுங்க" என்றாள்.

மயில் கழுத்து ஒற்றை நிறமில்லை. நீளவாட்டில் ஓடும் பாவு நீலம், குறுக்கே போகும் ஊடை பச்சை. நேராகப் பார்த்தால் ஒன்று, சாய்த்தால் இன்னொன்று. கடைக்காரர் கையை விரித்துவிட்டார்.

"அதெல்லாம் பட்டுலதான் சார் வரும். பெயிண்ட்ல வராது."

முப்பது வருஷம் தறியில் உட்கார்ந்தவனுக்கு நிறத்தைப் பற்றிப் பாடமா? எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"நீலத்துல ஒரு டப்பா, பச்சையில ஒரு டப்பா குடுங்க. மொத கோட்டு நீலம், அது பாவு. மேல் கோட்டு பச்சை, அது ஊடை. வருதா இல்லையா பாருங்க."

மனைவியும் பலமாகத் தலையாட்டினாள். அங்கேதான் இரண்டு நெசவாளிகளும் சேர்ந்து கோட்டை விட்டோம்.

"அண்ணே, மேல எதப் பூசறமோ அதான் தெரியும்" என்று பெயிண்டர் சொல்லிப் பார்த்தார். "நீ பூசுப்பா" என்றேன். மறுநாள் சாயங்காலம் சுவர் பச்சையாக நின்றது. சுத்தப் பச்சை. நான் இடது பக்கம் போய்ப் பார்த்தேன், வலது பக்கம் போய்ப் பார்த்தேன், குனிந்தும் பார்த்தேன். நீலம் போன இடம் தெரியவில்லை. பெயிண்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

"பச்சையும் நல்லாதாங்க இருக்குது" என்று சொல்லிவிட்டு அவள் தறிக்குப் போனாள். திட்டியிருந்தால் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன். அவள் இப்படி விட்டுக்கொடுத்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் காலை தலை வாரிக்கொண்டே வந்து அந்தச் சுவர் முன்னால் நின்றாள். சீப்பு பாதியில் நின்றது.

"ஏங்க, பாவு மேல ஊடைய பூசறமா இன்னா? இழைக்கு இழை நடுவுல இல்ல போவுது!"

இத்தனை வருஷம் கை செய்த வேலை இரண்டு நாளாகப் புத்திக்கு எட்டவில்லை. கூலி வாங்க வந்த பெயிண்டர் மீதி நீலத்தை ஒரு முழ அகலத்துக்குப் பச்சையின் மேல் பூசினார். காய்வதற்குள் அவள் சீப்பை வைத்து மேலிருந்து கீழே இழுத்தாள். சீப்பின் பல் போன வழியெல்லாம் பச்சை எட்டிப் பார்த்தது. அவ்வளவுதான், பெயிண்டருக்கும் குஷி வந்துவிட்டது. என் சட்டைப் பையிலிருந்த சீப்பைப் பிடுங்கிக்கொண்டு ஏணியில் ஏறினார். மத்தியானத்துக்குள் சுவர் முடிந்தது, வீட்டில் இருந்த மூன்று சீப்பும் முடிந்தன.

கதவருகே நின்று சாய்வாகப் பார்த்தால் நீலம். நடந்து எதிரே வந்தால் பச்சை. சுவிட்சுக்குப் பக்கத்தில் கோடு கொஞ்சம் கோணல். "அங்க இழை அறுந்துபோச்சு" என்றேன். முறைத்தாள். அடியில் பச்சை, மேலே நீலம் என்று பாவும் ஊடையும் இடம் மாறிப்போனது உண்மைதான், ஆனால் மயிலா வந்து கேட்கப்போகிறது? அன்று முழுக்க அவள் ஏதாவது ஒரு சாக்கில் கதவுக்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டே இருந்தாள். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

போன மாதம் சென்னையிலிருந்து கல்யாணப் புடவை சொல்ல ஓர் அம்மா வந்தார். அறைக்குள் நுழைந்தவர் சுவரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"எனக்கு இதேதான் வேணும்" என்றார்.

"புடவ எத்தினி வேணா நெய்து தரோம்மா" என்ற என் மனைவி, சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். "இது என்னுது."