‘உட்கார’ என்பதை அழித்தேன்

மனுவில் எதையும் ஒரு படி கூட்டித்தான் கேட்க வேண்டும். தல்லாகுளத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் பன்னிரண்டு வருஷமாக மனு டைப் அடித்து நான் கற்றுக்கொண்டது இது ஒன்றுதான். வீட்டு வாசலுக்கு சிமென்ட் ரோடு வேண்டுமென்றால் தெரு முழுக்கக் கேட்க வேண்டும். ஒரு குழாய் வேண்டுமென்றால் தண்ணீர்த் தொட்டியே கேட்க வேண்டும். வருகிறவர்கள் பாவம், உள்ளதை உள்ளபடி சொல்வார்கள். நான்தான் அதட்டுவேன். "எம்புட்டு வேணுமோ அம்புட்டே கேட்டா ஒண்ணுமே கிடைக்காது, சும்மா இருங்க" என்று சொல்லிவிட்டு என் இஷ்டத்துக்கு அடிப்பேன். எனக்கு அதில் கொஞ்சம் திமிர் உண்டு. என் வீட்டுக்காரர் அந்தத் திமிருக்குத் தூபம் போடுவார். "எம்பொண்டாட்டி எழுதுனா எந்த ஆபீசரும் கையெழுத்துப் போட்டுத்தான் ஆகணும்" என்று வேலைக்குப் போகிற இடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

அவர் பந்தல்காரர். என் அத்தை மகன், மாமா என்றுதான் கூப்பிடுவேன். சமயநல்லூரில் ஒரு காதுகுத்து வீட்டுக்குப் பந்தல் போடும்போது, மேலே தகரத்தை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தவர், காலடியில் மூங்கில் முறிந்து மல்லாக்க விழுந்தார். கீழே மேடை போடுவதற்காகப் பலகைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அந்த அடுக்கின் விளிம்பில் முதுகு பட்டது. பன்னிரண்டு அடியெல்லாம் அவருக்கு ஒரு உயரமா? இருபது வருஷமாகக் குரங்கு மாதிரி ஏறி இறங்கிய மனுஷன்! நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது முழித்துக்கொண்டுதான் இருந்தார். "காலு மடங்கியே கெடக்கு புள்ள, யாரயாச்சும் கொஞ்சம் நீட்டி விடச் சொல்லு" என்றார். இரண்டு காலும் நீட்டித்தான் இருந்தன.

ஸ்கேன் பார்த்த டாக்டர் என்னை மட்டும் தனியே கூப்பிட்டார். நல்ல மனுஷர், ஒளிக்காமல் சொன்னார்.

"ஆபரேஷன் உடைஞ்ச எலும்ப நிறுத்துறதுக்கும்மா. கால் திரும்பி வர்றதுக்கு இல்ல. தண்டுவடம் போயிருச்சு. நடக்க மாட்டாரு. ஆனா உட்கார வச்சிரலாம். தானாத் திரும்பிப் படுக்க, சக்கர நாற்காலிக்கு மாற, அவர் வேலைய அவரே பாத்துக்க, எல்லாம் பழக்கலாம். அதுக்கு மூணு மாசமாவது மறுவாழ்வு மையத்துல தங்கிப் பயிற்சி எடுக்கணும்." கொஞ்சம் பொறுத்துக் கேட்டார்: "அவர்கிட்ட நான் சொல்லவா, நீங்க சொல்றீங்களா?"

"நானே சொல்லிக்கிறேன் சார்" என்றேன். பெரிய இவள் மாதிரி.

காப்பீட்டு அட்டை ஆபரேஷனில் ஒரு பங்கைத் தாங்கியது. மிச்சத்துக்கும் மூன்று மாதத் தங்கலுக்கும் என் தோடு, சங்கிலி, அவருடைய வண்டி எல்லாம் போயும் பத்தவில்லை. இனி ஊரைத்தான் கேட்க வேண்டும். அடுத்தவர் கேட்பதை எழுதித்தானே நான் சோறு தின்கிறேன்! கடைக்குப் போய் சிஸ்டத்தின் முன்னால் உட்கார்ந்தேன். ‘முதுகுத்தண்டு முறிந்த என் கணவர் மீண்டும் எழுந்து உட்கார உதவுங்கள்’ என்று அடித்தேன். அதற்கு மேல் கை ஓடவில்லை.

கடைக்கார அண்ணன் பின்னால் நின்று படித்தார். அவர் சௌராஷ்டிரக்காரர், வீட்டுக்குப் போனில் பேசும்போது அவர் பாஷை, எங்களைத் திட்டும்போது அசல் மதுரை. அன்று திட்டவில்லை, தயங்கித் தயங்கித்தான் சொன்னார். "ஏம்மா, உட்காரன்னு கேட்டா எவன்மா குடுப்பான்? உட்கார்றதெல்லாம் ஒரு கஷ்டமான்னு நினைப்பான். நடக்கன்னு போடும்மா." டாக்டர் சொன்னது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். வேறு யாருக்காவது அடித்துக்கொண்டிருந்தால் நானே அப்படித்தான் போட்டிருப்பேன். ‘உட்கார’ என்பதை அழித்தேன். நாலு எழுத்துதான். அந்த இடத்தில் ‘நடக்க’ என்று அடித்தேன், அதுவும் நாலு எழுத்துதான்.

கீழே ‘மறுவாழ்வு மையத்தில் மூன்று மாதச் சிகிச்சை’ என்று போட்டிருந்தேன். வாட்ஸ்அப்பில் அனுப்பிய அன்றைக்கே ஒரு ஆள் கூப்பிட்டுவிட்டான். "ஏம்மா, மறுவாழ்வு மையம்னா குடிகாரங்களச் சேக்குற இடம்ல? குடிச்சுப்பிட்டு விழுந்தவனுக்கு நாங்க காசு போடணுமாக்கும்?" எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அவ்வளவு கோபம். "யோவ், எம்புருசன் டீயக்கூட அரை கிளாசுதான்யா குடிப்பாரு, வைய்யா போன!" என்று கத்தினேன். கடைக்கு வந்திருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் அவன் சொன்னதும் நியாயம்தான், நம் ஊரில் அந்த வார்த்தைக்கு அதுதானே அர்த்தம்? மறுவாழ்வை எடுத்துவிட்டு ‘நடைப்பயிற்சி மையம்’ என்று மாற்றினேன். இந்த முறை எனக்கு யாரும் யோசனை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கொடுத்தார்கள். அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. பந்தல் ஆட்கள் சமயநல்லூர் பஸ் ஸ்டாப்பில் பிளாஸ்டிக் வாளியோடு நின்றார்கள். எங்கள் வண்டியூரில் தெருவே திரண்டு கொடுத்தது. முதியோர் பென்ஷனுக்கு மனு எழுத வந்த அம்மா ஒருத்தி, நான் டைப் அடித்த கூலி போக மிச்சச் சில்லறையை வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். "அதுல போட்டுக்க தாயி. நடந்துருவாருல்ல?" என்றாள். கொடுத்த ஒவ்வொருத்தரும் இதைக் கேட்டார்கள். நோட்டை நீட்டும்போதே என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, "நடந்துருவாருல்ல?" என்பார்கள். நான் "ம்" என்பேன். காதுகுத்து வீட்டுக்காரர் தேடி வந்து ஒரு பெரிய தொகையைக் கொடுத்துவிட்டு, அவர் நடந்து வந்து எங்க வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும் என்று அழுதார். அவருக்கும் "ம்"தான்.

ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம் இருக்கும். கூட வேலை பார்த்த பந்தல்காரர் ஒருவர் பார்க்க வந்தார். போனை மாமா முகத்துக்கு நேராகப் பிடித்து, "மாப்ள, இங்க பாருடா, தங்கச்சி எழுதுனது சிங்கப்பூர் வரைக்கும் போயிருக்கு!" என்றார். மாமா எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். ஒவ்வொரு வார்த்தையாக வாய்விட்டுப் படித்தார். மீண்டும், எழுந்து, நடக்க, உதவுங்கள். படித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். விழுந்த பிறகு அன்றுதான் முதன்முதலாகச் சிரித்தார். "எம்மாடி, அம்புட்டு சனமும் காசு போட்டிருக்கு. இனிமே நடக்காம இருக்க முடியுமா?" என்றார். அப்போதே சொல்லியிருக்கலாம். அந்தச் சிரிப்பைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. டாக்டர் என்ன சொன்னார் என்று அவர் ஒரு தடவைகூட என்னிடம் கேட்டதில்லை. நான் எழுதியதே அவருக்குப் போதுமாக இருந்தது.

மையம் ஊருக்கு வெளியே, வயல்காட்டை ஒட்டி இருந்தது. போன நாளிலிருந்து அவர் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார். "காலுக்குப் பண்ணும்மா." தெரபிஸ்ட் பெண் முட்டியை மடக்கி நீட்டும்போது பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பார். "லேசா அசையுது பாத்தியா புள்ள?" என்பார். அவள் கைதான் அசையும். தானாகத் திரும்பிப் படுக்கச் சொல்லிக்கொடுத்தால், "அதெல்லாம் படுத்தே கெடக்கப் போறவுகளுக்கு" என்று சொல்லிவிடுவார். சக்கர நாற்காலியைக் கொண்டுவந்தால், "நடக்கப் போறவனுக்கு எதுக்குத்தா வண்டி?" என்று தள்ளி வைக்கச் சொல்வார். மற்றவர்கள் நாற்காலியில் வராந்தாவைச் சுற்றி வருவதைப் பார்த்து அவருக்கு அவர்கள்மேல் பரிதாபம் வேறு! இரண்டு மாதம் இப்படியே ஓடியது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் நான்தான் அவரைப் புரட்டிப் படுக்க வைப்பேன்.

ஒருநாள் காலையில் தெரபிஸ்ட் பெண் என்னை வராந்தாவில் நிறுத்தினாள்.

"அக்கா, இன்னும் ஒரு மாசந்தான் இருக்கு. எதையும் பழகவே மாட்டேங்கிறாரு. இப்படியே வீட்டுக்குப் போனா படுத்த படுக்கைதான்க்கா, புண்ணு வந்துரும். புண்ணு வந்தா உசுருக்கே ஆபத்து. அவருக்கு விஷயம் தெரியும்லக்கா?"

"நான் இன்னும் சொல்லலம்மா" என்றேன். அவள் வாயில் கையை வைத்துக்கொண்டாள். ஊர்க் காசில் வாங்கிய மூன்று மாதம். அதில் இரண்டை என்னுடைய ஒரு வார்த்தை தின்றிருந்தது. நான் கும்பிட்டு வாங்கிய காசை நானே வீணாக்கிக்கொண்டிருந்தேன்.

அன்று மத்தியானம் சாப்பாடு முடிந்தது. தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து கட்டிலருகே நின்றேன். எத்தனை பேருக்கு எத்தனை விதமாக வார்த்தை கட்டிக் கொடுத்திருக்கிறேன்! அன்று ஒன்றும் வரவில்லை.

"மாமா, நீங்க நடக்க மாட்டீங்க."

"யாரு சொன்னா, அந்தப் பொண்ணா? அது சின்னப்புள்ள, அதுக்கு என்னா தெரியும்?"

"பெரிய டாக்டரு சொன்னாரு. ஆபரேஷனுக்கு முன்னாடியே. எங்கிட்ட மட்டும் சொன்னாரு."

"நீ நடக்கன்னுல எழுதியிருந்த?"

"காசு வரணும்னு எழுதுனேன் மாமா."

அவர் முகத்தில் என்ன நடந்தது என்று என்னால் எழுத முடியாது. மின்விசிறியைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "காசு குடுத்தவுகளுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப அம்புட்டுப் பேரையும் ஏமாத்தியிருக்க. என்னையுஞ் சேத்து." மூச்சு வாங்கியது அவருக்கு. "திருப்பிக் குடுத்துரு. நடப்பேன்னு சொல்லி வாங்குன காசு நமக்கு வேணாம். எல்லாத்தையும் திருப்பிக் குடு."

என் பாழாய்ப்போன வாய்! "எதத் திருப்பிக் குடுக்கச் சொல்றீங்க? முதுகுல மாட்டியிருக்குல்ல கம்பி, அதக் கழட்டிக் குடுக்கவா? இந்த ரெண்டு மாசத்தக் குடுக்கவா? போங்க, நீங்களே போயி ஒவ்வொரு வீடாக் குடுத்துட்டு வாங்க!" என்று கத்திவிட்டேன். சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அந்தக் கூடத்தில் ஆறு கட்டில்கள். அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவர் கத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணிலிருந்து காதுப் பக்கமாகத் தண்ணீர் வழிந்தது. "என்னைய அந்தப் பக்கம் திருப்பிப் போடு. உன் மூஞ்சியப் பாக்க வேணாம் எனக்கு" என்றார்.

திருப்பிப் போட்டேன். முட்டியை மடக்கி, ஒரு கையைத் தோளிலும் ஒரு கையை இடுப்பிலும் கொடுத்து, மூத்திரக் குழாய் மடங்காமல் பார்த்து, சுவர்ப் பக்கமாகப் புரட்டினேன். இரண்டு காலுக்கும் நடுவில் தலையணை வைத்தேன். என்னைப் பார்க்காமல் இருப்பதற்கும் அவருக்கு என் கைதான் வேண்டியிருந்தது. அவருக்கும் அது தெரிந்தது. நான் தொட்டபோது தோள் விறைத்துக்கொண்டது. கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் அவர் என்மேல் கை ஓங்கியதில்லை, ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை. அன்று ஓங்கியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் தெரபிஸ்ட் பெண் வந்து வழக்கம்போல் காலைத் தொட்டாள். "கால விடும்மா" என்றார் மாமா. "தானாத் திரும்பிப் படுக்கணும். அதச் சொல்லிக்குடு." அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என்னைப் பார்த்து, சொல்லிட்டீங்களா என்று கண்ணாலேயே கேட்டாள். பந்தல்காரர் கை அல்லவா, பலத்துக்கு என்ன குறை? கட்டில் கம்பியைப் பிடித்து இழுத்தார், விழுந்தார், மறுபடி இழுத்தார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாலும் என்னிடம் பேசவில்லை. உள்ளங்கை தோல் உரிந்தது. மருந்து போடப் போனேன், கையை இழுத்துக்கொண்டார்.

நாலாம் நாள் நான் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். கட்டில் கம்பியைப் பிடித்து, ஒரே மூச்சில், யார் கையும் படாமல் திரும்பினார். முதுகை எனக்குக் காட்டி, முகத்தைச் சுவருக்குக் காட்டிப் படுத்துக்கொண்டார். மற்றக் கட்டில்காரர்கள் எல்லாரும் சத்தம் போட்டுக் கைதட்டினார்கள். தெரபிஸ்ட் பெண் துள்ளிக் குதித்தாள். நானும் கைதட்டினேன்.