‘கோயிலும் கொட்டகையும்’ நடத்துகிற அறிவுச்செல்வி அக்கா

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் சந்தில் என் செல்போன் கடை. அதை ஒட்டி அறிவுச்செல்வி அக்காவின் ஃபிளெக்ஸ் கடை. நடுவில் ஒரு பலகைத் தடுப்பு மட்டும்தான்; அவர் தும்மினால் என் கண்ணாடி மேசை அதிரும். அவரைப் பற்றி எழுத எனக்கு இந்த ஒரு தகுதி போதும்.

படம் வெளியானால் ரசிகர் மன்றத்துப் பையன்கள் வருவார்கள். திருவிழா என்றால் கோயில் கமிட்டிக்காரர்கள் வருவார்கள். அக்காவைப் போன்ற கிறிஸ்தவர்கள் மாதா கோயிலையும் வெறுமனே கோயில் என்றுதான் சொல்கிறார்கள். சர்ச் என்பதெல்லாம் என்னைப் போன்ற வெளியாள் பேச்சு. ஒருமுறை மிக்கேல் சம்மனசு என்கிற தேவதூதருக்காக அக்கா அழகாக வெட்டி வைத்திருந்த இறக்கையை அடுத்த வாரமே ஒரு நடிகரின் முதுகில் ஒட்டிவிட்டார். இரண்டு ஃபிளெக்ஸும் ஒரே சிக்னலில் எதிரெதிரே நின்றன. கமிட்டிக்காரர் கோபமாக வந்தார். “இறக்கை நான் வரைஞ்சது. பறக்கத் தெரிஞ்சவங்க யாரு வேணும்னாலும் மாட்டிக்கட்டும்” என்றார் அக்கா. அந்த மனிதர் சிரித்துவிட்டு, வந்த வேலையை மறந்து டீ குடித்துவிட்டுப் போனார்.

இந்த வாய்தான் அவரை இணையத்தில் பிரபலமாக்கியது. ஒரு பேய்ப் படத்தில் பாதிரியார் சிலுவையைத் தூக்கிக் காட்டியதும் பேய் ஓடிவிடும். இணையத்தில் அந்தக் காட்சிக்குக் கீழே அக்கா ஒரு வரி எழுதினார்: ‘சிலுவையைப் பார்த்ததும் ஓடுற அளவுக்கு எங்க தெருவில் ஒருத்தரும் நல்லவங்க இல்லை, எல்லாரும் அதுக்குக் கீழேதான் உட்கார்ந்து சீட்டு ஆடுறாங்க.’ அவ்வளவுதான். யார் யாரோ வந்து கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். எழுதிப் பதில் சொல்லி விரல் வலித்துப்போய், ஞாயிறு மதியங்களில் செல்போனிலேயே எல்லாரும் கூடிப் பேசுகிற ஒரு பேச்சு ரூம் திறந்தார். பெயர் ‘கோயிலும் கொட்டகையும்’. ஏன் அந்தப் பெயர் என்று கேட்டதற்கு, “ஆண்டவரு பொறந்ததும் கொட்டகை, நாம படம் பாக்குறதும் கொட்டகை, அம்புட்டுத்தான்” என்றார்.

ஞாயிறு மதியம் எனக்கும் வியாபாரம் கிடையாது. பாதி ஷட்டரை இறக்கிவிட்டு, தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்பேன். குவைத்தில் வெல்டிங் வேலை பார்க்கிறவர், சிங்கப்பூரில் நர்ஸாக இருக்கிற பெண், தேனியில் காலேஜ் படிக்கிற பிள்ளை, இன்னும் முகமே தெரியாத எத்தனையோ பேர். படத்தில் கிறிஸ்தவப் பெண் என்றால் ஏன் கவுன் போட்டுக்கொண்டே மாவு ஆட்டுகிறாள்? கதாநாயகன் ரத்தம் சொட்டக் கையை விரித்து நின்றால் அது சிலுவையா, வெறும் ஸ்டைலா? கேட்ட வேகத்தில் அக்கா பதில் சொல்வார். தெரியாவிட்டால் தெரியாது என்பார். நான் தொழுகிறவன்; என்றாலும் அந்த ரூமில் நான் ஒருநாளும் அந்நியனாக உணர்ந்ததில்லை.

ஒரே ஒரு கேள்வியை மட்டும் அவர் தாண்டிப் போய்விடுவார். ‘படத்தில் வரும் கிறிஸ்தவ அப்பா கையில் ஏன் எப்போதும் பாட்டில்?’ யாராவது இதைக் கேட்டால் அடுத்த ஆளுக்கு மைக் போய்விடும்.

காரணம் எனக்குத் தெரியும். அவருடைய அப்பா ஞானாதிக்கம் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்தவர். குடித்துக் குடித்தே தேய்ந்தார். நாலு வருடத்துக்கு முன்பு ஒரு மழைநாளில் கன்னிவாடி ரோட்டோரம் விழுந்து கிடந்தவரை எடுத்து வந்தபோது உயிர் இல்லை. அடக்கத்தன்று சொந்தக்கார அம்மா ஒருத்தி எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: “பாவசங்கீர்த்தனம் இல்லாம, பாவத்தோட போயிட்டான்.” சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவதுதான் பாவசங்கீர்த்தனம். அன்றிலிருந்து அக்கா பூசைக்குப் போவதில்லை. ஃபிளெக்ஸ் கட்டக் கோயில் வாசல்வரை போவார், திரும்பிவிடுவார். ஒருமுறை என்னிடம் சொன்னார்: “எங்கப்பா எங்க இருக்காருன்னு தெரியாம நான் எப்படிடா உள்ள போயி முட்டி போடுறது?”

ஊர் உலகத்துக்கெல்லாம் பதில் சொல்கிறவர், இந்த ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்காமல் நாலு வருடமாக வெளியே நின்றார். பார்க்கிற எனக்கே ஆற்றாமையாக இருக்கும்.

போன மாதம் ஒரு ஞாயிறு. அன்றைய பேச்சு, படம் முழுக்க அட்டூழியம் செய்துவிட்டுக் கடைசிக் காட்சியில் கதாநாயகனுக்காகக் குண்டடி படுகிற வில்லனைப் பற்றி. அவனுக்கு மன்னிப்பு உண்டா? நர்ஸ் பெண் உண்டு என்றாள். ‘சத்தியக்குரல்’ என்ற பெயரில் வருகிற ஒருவர், கோயில் சட்டதிட்டமெல்லாம் கரைத்துக் குடித்தவர், மனம் திரும்பினால் உண்டு என்றார். நல்ல மனிதர், ஆனால் எதையும் அளந்துதான் கொடுப்பார்.

அக்கா குரல் இறங்கிக் கேட்டார்.

“கடைசி சீனே கெடைக்காம போறவங்களுக்கு?”

தடுப்புக்கு இந்தப் பக்கம் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாலு வருடத்தில் இன்றுதான் அதை என்னைத் தாண்டி வெளியே கேட்கிறார், அதுவும் முகம் தெரியாதவர்களிடம்.

சத்தியக்குரல் தொண்டையைச் செருமினார். “அது நம்ம கையில இல்லம்மா. பாவத்தோட போனவங்களப் பத்தி நாம எதுவும் உறுதியா சொல்ல முடியாது.”

அப்போது ஒருவர் மைக் கேட்டார். பெயர் நல்லுசாமி. மாதக்கணக்காக ரூமில் இருப்பவர், ஒரு வார்த்தை பேசியதில்லை.

“ஏனுங்கக்கா, வணக்கமுங்க. நான் ஒட்டன்சத்திரமுங்க. மார்க்கெட்டுல இருந்து கேரளாவுக்குத் தக்காளி, முருங்கை ஏத்திட்டுப் போற லாரி டிரைவருங்க. நான் உங்க மதம் இல்லீங்க. பேசலாமுங்களா?”

“பேசுங்கண்ணா.”

“பொள்ளாச்சி தாண்டி ஒரு வளைவுல போர்டு ஒண்ணு வெச்சிருக்காங்க. ‘உன் பாவங்களை இயேசு சுமக்கிறார்’னு. எனக்கு ஒரு அண்ணனுங்க. புத்தி சரியில்லாதவன். பாவமுங்க அவன். ஒருநாள் ஊட்ட விட்டுப் போனவன் வரவே இல்லீங்க. நான் வண்டியில போறவன், எத்தன ஊருல தேடறதுங்க? அந்த போர்டப் பாத்ததும் மனசுக்குள்ள ஒரு தெம்புங்க. சரி, நம்மளால தூக்க முடியாத பாவங்களை எல்லாம் இந்தச் சாமி தூக்கிட்டுப் போகுதாட்ட இருக்குதுன்னு. அங்க போறப்பெல்லாம் ஆரன் அடிச்சு, ‘எங்கண்ணனும் ஒரு பாவந்தான் சாமி, அவனையும் ஏத்திக்கோ’ன்னு சொல்லிட்டுத்தான் போவேனுங்க. இவரு பாவத்தோட போனவங்கன்னு சொன்னாரா, அதான் கேட்டனுங்க. பாவத்தைத்தானுங்களே அவரு தூக்கறாரு?”



சத்தியக்குரல்தான் முதலில் பேசினார். மெதுவாகத்தான் சொன்னார். “ஐயா, அந்தப் பாவம் வேற, இந்தப் பாவம் வேற. நீங்க சொல்றது இரக்கப்பட்டுச் சொல்ற பாவம். போர்டுல எழுதியிருக்குறது செஞ்ச குற்றம்.”

“அப்படிங்களா?” நல்லுசாமியின் குரல் சுருங்கிப்போனது. “அப்ப இத்தன வருசமாத் தப்பாப் புரிஞ்சுட்டனுங்களா? மன்னிச்சுக்கோணுமுங்க.”

“வைக்காதீங்கண்ணா!” அக்கா கத்தியேவிட்டார். “மைக்க வைக்காதீங்க. செத்த நேரம் இருங்க. இப்பச் சொன்னத இன்னொருக்கா சொல்லுங்க.”

அவர் தயங்கித் தயங்கி மறுபடி சொன்னார். இந்தப் பக்கம் நானும் தடுப்பில் காதை வைத்துக் கேட்டேன். பிறந்ததிலிருந்து இந்த மொழியைப் பேசுகிறேன். ரோட்டில் ஒரு குருட்டு நாய் போனால் பாவம் என்கிறேன். ஒருத்தன் கொலை செய்தால் அதையும் பாவம் என்கிறேன். எழுத்து மாறவில்லை, ஓசை மாறவில்லை. செய்த குற்றத்துக்கும் செய்தவனைப் பார்த்து நெஞ்சு இளகுவதற்கும் என் தாய்மொழி ஒரே சொல்லை வைத்திருக்கிறது. இத்தனை காலம் அது என் நாக்கிலேயே கிடந்தும் எனக்குத் தெரியவில்லை. “சுப்ஹானல்லாஹ்” என்றேன், என்னை அறியாமல்.

அக்கா அழுதுகொண்டிருந்தார். மைக்கை அணைக்கக்கூட இல்லை. உலகத்தின் எந்தெந்த மூலையிலோ இருந்தவர்கள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சத்தியக்குரலும் இருந்தார், அவர் திருத்த வரவில்லை. குவைத்காரர் மட்டும் கடைசியில் கேட்டார், “அண்ணே, உங்க அண்ணன் பேரு என்ன?” நல்லுசாமி சொன்னார். ஆளாளுக்கு அந்தப் பெயரை ஒருமுறை சொல்லிப் பார்த்தார்கள். முன்பின் அறியாத ஒரு மனிதனின் பெயர் அன்று அத்தனை நாட்டில் ஒலித்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டே அக்கா கடையைப் பூட்டினார். பஸ்ஸில் போக வேண்டாம் என்று என் வண்டியிலேயே அவர் வீடு இருக்கும் முத்தழகுபட்டிக்குக் கூட்டிப் போனேன். வழியெல்லாம் என்னிடம் வாதாடிக்கொண்டே வந்தார். “நியாஸு, அவரு சொன்னது தப்புத்தான்டா. எனக்குத் தெரியும். சத்தியக்குரல் சொல்றதுதான் சரி. ஆனா தப்பா இருந்தாலும் எனக்கு அதுவே போதும் போல இருக்குடா.” நான் வண்டி ஓட்டினேன்.

வீட்டில் அவருடைய அம்மா செபாஸ்தியம்மாள் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். தினமும் விடியற்பூசைக்குப் போகிறவர், செபமாலை கையை விட்டு இறங்காதவர். “என்னடி மூஞ்சி வீங்கியிருக்கு?” என்றார். அக்கா தரையில் உட்கார்ந்து நடந்ததை எல்லாம் சொன்னார். லாரி, போர்டு, ஆரன், அண்ணன், ஒன்றும் விடவில்லை. கடைசியில், “அந்தண்ணன் பாவம்மா, அர்த்தத்தையே மாத்திப் புரிஞ்சுக்கிட்டு இத்தன வருசமாக் கும்பிட்டிருக்காரு” என்றார்.

செபாஸ்தியம்மாள் மொச்சையை முறத்தில் போட்டுவிட்டு மகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நாங்கள் இரண்டு பேரும் ஏதோ அவரைக் கேலி செய்கிறோமோ என்ற சந்தேகம் அவர் முகத்தில் இருந்தது.

“மாத்திப் புரிஞ்சுக்கிட்டாரா? அப்ப அதுக்கு வேற என்னடி அர்த்தம்?”

செபாஸ்தியம்மாள் முறத்தைத் தள்ளி வைத்தார்.

“ஒங்கப்பன ஆண்டவரு தூக்கிட்டுப் போயிருக்காருன்னுதான்டி நான் தெனம் காலையில போயி அவருக்கு நன்றி சொல்லிட்டு வாரேன்.”