இரண்டாவது கட்டத்தில் இட்ட கையொப்பம்

11.03.2024 — 8.0
12.03.2024 — 9.5
13.03.2024 — 7.5
14.03.2024 — 9.0
15.03.2024 — 13.5
மொத்தம் — 47.5

இவை சதுர மீற்றர்கள். ஒட்டுசுட்டானிலிருந்து காட்டுக்குள் போகும் ஒரு செம்மண் வீதியோரத்தில், கண்ணிவெடி அகற்றிய ஆறு பெண்களில் ஒருவரான சவரிமுத்து பிரேமிளா ஒரு கிழமையில் துப்புரவாக்கிய நிலத்தின் அளவு. அந்தத் தளத்தின் கிளாக்கராகப் பதிவுக் கொப்பியை எழுதியவன் நான். கடைசி நாளின் பதின்மூன்றரையைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

பிரேமிளாவுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. கணவர் இல்லாத வீடு. மகள் நிசாந்தினி சாதாரணதரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். காலை 3.45க்கு எழும்பிச் சமைத்து, மகளுக்குச் சாப்பாடு கட்டி வைத்துவிட்டு, 5.10க்குச் சந்தியில் வாகனம் ஏறுவார். ஞாயிறு காலை சிற்றாலயத்தில் பாட்டு, பின்னேரம் மறைக்கல்வி வகுப்பு. மற்ற நாட்களில் செபமாலை சொல்ல அவருக்குக் கிடைத்த நேரம், சுற்றிச் சுற்றி எல்லோரையும் ஏற்றும் அந்த வாகனத்துக்குள் இருக்கும் ஐம்பது நிமிடம் மட்டுமே.

"அக்கா, எனக்கும் சேர்த்து ரெண்டு சொல்லுங்கோ. நான் கொஞ்சம் நித்திரை கொள்ளப்போறன்" என்பாள் பக்கத்தில் இருக்கும் சுமித்திரா, அந்த ஆறு பேரில் ஒருத்தி.

"உன்ர குறட்டைக்கு மேலால எந்த மாதாவுக்கடி கேக்கும்?"

ஒவ்வொருவருக்கும் துப்புரவாக்கப் பிரித்துக் கொடுத்த வேலைப் பாதைக்குள் உலோகம் கொண்டுபோகக் கூடாது. அதனால் ஆறு மணிக்கு என் மேசையில் இருக்கும் தகரப் பெட்டிக்குள் கழுத்துச் சங்கிலியையும் சிலுவையையும் கழற்றி வைப்பார். நான் பெயருக்கு நேரே எழுதுவேன். உள்ளே போகும்போது செபமாலைக்குப் பதிலாக நைலோன் நூலில் பத்து முடிச்சுப் போட்டுச் சட்டைப் பையில் வைத்திருப்பார்.

இனி அந்தக் கொப்பியைப் பற்றி. உலோகம் காட்டும் கருவியை ஒவ்வொருவரும் நாளில் இரண்டு தரம் சோதிக்க வேண்டும்: காலையில் ஒரு தரம், 10.15 இடைவேளையில் மின்கலம் மாற்றிய பின் ஒரு தரம். புதைத்து வைத்த சோதனை உலோகத் துண்டின் மேல் கருவியைப் பிடித்து, சத்தம் வந்தால் கொப்பியில் கையொப்பம் இட வேண்டும். அதற்கு இரண்டு கட்டங்கள் இருந்தன. சோதனை இடம் நூற்று நாற்பது மீற்றர் எட்டி இருந்தது. தை மாதத்திலிருந்து ஆறு பேரும் காலையிலேயே இரண்டு கட்டத்திலும் கையொப்பம் இடத் தொடங்கியிருந்தார்கள். எனக்கு அது தெரியும். கொப்பியில் வெறுங்கட்டம் இல்லாமல் இருந்தது எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் பிரேமிளா கையொப்பத்தை முன்னே இட்டாலும், இடைவேளைக்குப் பின் அவ்வளவு தூரமும் நடந்துபோய்ச் சோதிப்பவர். 15.03.2024 தவிர.

அன்று தவக்கால வெள்ளி. மாலை நான்கு மணிக்குச் சிலுவைப்பாதை வழிபாட்டை நடத்துவது அன்று அவருடைய முறை. தண்ணீர் எடுக்க 12.30க்குப் போகும் வாகனத்தில் ஏறினால்தான் சிற்றாலயம் கூட்டி, மெழுகுதிரி வைத்து முடிக்கலாம். அதற்குள் தன் பாதையை முடிக்க வேண்டும். மின்கலத்தை மாற்றினார். சோதிக்கப் போகவில்லை. நேரே உள்ளே போய் ஆறு சதுர மீற்றர் பார்த்தார். கருவி ஒரு தரமும் சத்தம் போடவில்லை.

"சிலுவைப்பாதையில ஒவ்வொரு தலத்திலயும் முழங்காலில நிண்டன், கிளாக்கர் ஐயா. முழங்காலுக்குக் கீழ நிலம்தானே. அந்த ஆறு மீற்றர்தான் நினைவில வந்தது" என்று பிறகு என்னிடம் சொன்னார்.

திங்கட்கிழமை கருவி சரியாகச் சத்தம் போட்டது. ஆனால் வெள்ளி போட்ட மின்கலம் அதில் இல்லை. அன்று கருவி வேலை செய்ததா என்று அறிய இனி வழியில்லை. குழுத் தலைவர் ரூபனிடம் சொல்லப் போனபோது அவர் தொலைபேசியில் நின்றார். செவ்வாய் மகளுக்குக் காய்ச்சல். புதன் சிற்றாலயத்தில் பாட்டுப் பழக்கம். சொல்ல நேரம் கிடைக்கவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

காணி கச்சு முகம்மதுவுடையது. தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது குடும்பத்தோடு போனவர். சித்திரை மழைக்கு முன் எள் விதைக்க வேண்டும் என்று தினமும் சைக்கிளில் வந்து எல்லை நாடாவுக்கு அப்பால் நிற்பார்.

"என்ன புள்ளையள், நிலத்துக்குச் சவரம் எடுக்கிறியளோ? இந்த வேகத்தில போனா என்னை அடக்கத்தான் காணி கைக்கு வரும்."

27.03.2024, புதன்கிழமை, காணி கையளிக்கும் நாள். கையளிக்கும்போது, துப்புரவாக்கியவர் காணிக்காரரைத் தன் பாதையில் முழுத் தூரமும் கூட்டிக்கொண்டு நடப்பது எங்கள் வழக்கம். கச்சு முகம்மது ரூபனோடு நின்றார். அவருடைய மனைவி ஜொஹறா செருப்பைக் கழற்றிவிட்டுப் பிரேமிளாவின் கையைப் பிடித்தார்.

"வாங்க புள்ள, போவம்."

பிரேமிளா அசையவில்லை. ஜொஹறா வலது காலைத் தூக்கினார். பிரேமிளா அவரைப் பின்னுக்கு இழுத்த வேகத்தில் இருவரும் விழப் பார்த்தார்கள்.

"வையாதேங்கோ அம்மா. நான் இதைச் சரியாப் பாக்கேல்லை."

ரூபன் தாழ்ந்த குரலில், "அக்கா, என்ன விசர்க் கதை? சோதிச்சதெண்டு கொப்பியில கிடக்கு" என்றார்.

"கொப்பியில கிடக்கு. நான் சோதிக்கேல்லை."

ரூபன் என்னைப் பார்த்தார். எல்லாக் கையொப்பமும் காலையிலேயே இடப்பட்டவை என்று நான் சொன்னேன். அதற்குமேல் ஒரு பாதையோடு முடியாது. ஆறு பாதைகளையும் திரும்பப் பார்க்க வேண்டும்.

"விதைப்பு?" என்றார் கச்சு முகம்மது. "பன்ரண்டு நாளா வாயில என்ன வச்சிருந்தீங்க?"

பிரேமிளா குனிந்து ஜொஹறாவின் செருப்பை எடுத்து அவர் காலடியில் வைத்தார்.

அடுத்த நாள், பெரிய வியாழன், அவரை வேலையிலிருந்து இடைநிறுத்தும் முதற் கடிதம் வந்தது. அன்று மாலை அவர் சிற்றாலயத்தில் பாடவில்லை, பின்னால் கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தார்.

02.04.2024 தொடக்கம் ஐந்து பெண்களும் மறுபடி வெயிலில் இறங்கினார்கள். "அவா செபஞ்சொல்லப் போனதுக்கு நாங்கள் ஒரு மாசம் காயிறம்" என்று சுமித்திரா வேண்டுமென்றே என் காதில் விழும்படி சொன்னாள். பிரேமிளாவின் ஆறு மீற்றரை ரூபனே பார்த்தார். இரண்டு நாள் எடுத்தார். வெடி இருந்தால், தான் ஒருத்தியைக் கொல்லப் பார்த்தவள். இல்லாவிட்டால் ஒரு குடும்பத்தின் போகத்தைக் கெடுத்தவள். எதைக் கேட்டு மன்றாடுவது என்று தெரியாமல் இருந்ததாகப் பிரேமிளா சொன்னார். ரூபன் வெளியே வந்து முகக்கவசத்தைத் தூக்கினார்.

"ஒண்டுமில்லை. ஒரு ஆணி கூட இல்லை."

சிலர் சிரித்தார்கள். கச்சு முகம்மது நிலத்தில் துப்பிவிட்டுச் சைக்கிளைத் திருப்பினார்.

18.04.2024, காலை 9.35. சுமித்திராவின் பாதையில் கருவி சத்தம் போட்டது. எல்லோரும் பின்வாங்கினார்கள். நாற்பது நிமிடம் கழித்து, பன்னிரண்டு சென்ரிமீற்றர் ஆழத்திலிருந்து ரூபன் எடுத்தது ஒரு சைக்கிள் மணி. மண்ணைத் துடைத்துப் பெருவிரலால் அழுத்தினார். கரகரத்தது. பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு சிரிப்பு ஒவ்வொருவராக நின்றது. பங்குனி மாதத்தில் இதே இடத்தைத் துப்புரவு என்று சுமித்திரா ஒப்பமிட்டிருந்தாள். அவள் கருவியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே குந்தினாள்.

நாடாவுக்கு அப்பால் நின்ற கச்சு முகம்மது கேட்டார்: "தம்பி, இவ்வளவு பெரிய மணியே தப்பியிருக்கு. வெடியில உள்ள இரும்பு எவ்வளவு?"

ரூபன் சுண்டுவிரலின் நகத்தைக் காட்டினார்.

29.04.2024 அன்று காணி கையளிக்கப்பட்டது. பிரேமிளா வராமல் நடக்கமாட்டேன் என்று ஜொஹறா வீதியில் நின்றுவிட்டார். வேலையில் இல்லாதவரை எப்படி அழைப்பது என்று ரூபன் தலையைச் சொறிந்தார். கச்சு முகம்மதுவே சைக்கிளில் போய்ப் பின்னால் ஏற்றிவந்தார்.

"இப்ப நீங்க நடப்பீங்களோ?" என்று கேட்டார் ஜொஹறா.

"ஓம், அம்மா."

இருவரும் வெறுங்காலோடு முப்பத்தொரு மீற்றர் நடந்தார்கள். கச்சு முகம்மது பின்னால் போனார். விதைப்பைப் பற்றி அவர் பேசவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை.

விசாரணைக்கு அழைக்கும் இரண்டாவது கடிதம் அதே கிழமை வந்தது. கையொப்பங்களை அறிந்தும் பேசாமல் இருந்ததை நானும் எழுதிக் கொடுத்தேன். மற்ற ஐந்து பேருக்கும் எனக்கும் எச்சரிக்கை கிடைத்தது. சோதிக்காமல் உள்ளே போனதாக ஒப்புக்கொண்டவர் ஒருவர் மட்டுமே. பிரேமிளாவின் ஒப்பந்தம் முடிந்தது, அடுத்த தளத்துக்கு எடுக்கப்படமாட்டார் என்று மூன்றாவது கடிதம் சொன்னது. அலுவலகத்திலிருந்து என்னிடம் வந்த அதை நான்தான் அவர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். குசினி வாசலில் நின்று இரண்டு தரம் வாசித்தார்.

"சரியாத்தான் எழுதியிருக்கினம், ஐயா. பொய் ஒண்டும் இல்லை."

பிறகு, தேத்தண்ணி குடிக்கிறீங்களோ என்று கேட்டு அடுப்பை மூட்டினார். பரீட்சைக்குப் போன நிசாந்தினி இன்னும் வரவில்லை.

அந்தக் கடைசிக் கடிதம் வந்த தேதி 10.05.2024, வெள்ளிக்கிழமை.