செய்தி வெளியே போன வழி

கிள்ளானைத் தாண்டி செம்பனை மரங்களுக்குள் ஒதுங்கிக் கிடக்கும் அந்தத் தோட்டத்துக்குச் சனிக்கிழமைதோறும் நகரத்துப் பிரிக்பீல்ட்ஸிலிருந்து காரை ஓட்டிக்கொண்டு போவேன். மனநல ஆலோசனைதான் என் வேலை. அங்கே அப்படிச் சொன்னால் ஒருவரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள். அதனால் தூக்கம் வராதவர்கள் வரலாம் என்று டீ விற்கும் ஒட்டுக்கடையில் சொல்லி வைத்தேன். தாதியைக் கூப்பிடுவது போல என்னையும் 'மிஸ்ஸி' என்றார்கள். மரியாதை அதோடு சரி, நம்பிக்கையெல்லாம் கிடையாது.

"நெலம் வாங்குற கம்பெனிதானே உங்கள அனுப்புச்சு?" என்று கடையில் ஒருவர் முகத்துக்கு நேராகவே கேட்டார். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று நான் விசாரித்தது, தொழிலாளர் லயத்து வீடுகளைக் காலி செய்யப் போடும் திட்டமாக அவருக்குத் தோன்றியிருக்கிறது. இல்லை என்றேன்.

"எல்லாரும் அப்படித்தான் லா சொல்லுவாங்க" என்று தே தாரே டீயை உறிஞ்சினார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

அப்படியும் சிலர் வந்தார்கள். பழைய ஆயாக்கொட்டகையில், முன்பு வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப் போன அறையில், கதவைச் சாத்திக்கொண்டு பேசுவோம். அப்படி வந்தவள்தான் அந்த இளம் பெண். கைக்குழந்தைக்காரி. கணவன் லோரி ஓட்டி ஜொகூர் பக்கமே கிடந்தான். பிள்ளை பெற்றதிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை, ஓயாத அழுகை. அரசாங்க கிளினிக்குக்கு அனுப்பி மருந்தும் வாங்க வைத்தேன்.

"மாமியாருக்கு மட்டும் தெரியக் கூடாது மிஸ்ஸி. தெரிஞ்சா பைத்தியக்காரி கையில புள்ள எதுக்குன்னு பாப்பாவ ஸ்ரீ கெம்பாங்கான் நாத்தனார் வீட்டுல விட்டுருவாங்க. அது இருக்குறதாலதான் நான் உசுரோட இருக்கேன்."

அவள் அதைப் பேச்சுக்காகச் சொல்லவில்லை.

சில வாரத்தில் அவள் என்னிடம் வருகிற விஷயம் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. யார் சொன்னது? கொட்டகைச் சாவியை வைத்திருந்த கோயில் கமிட்டிக்காரரைச் சந்தேகப்பட்டேன். கதவுப் பக்கமே உட்கார்ந்து வெற்றிலை மென்ற கிழவியைச் சந்தேகப்பட்டேன். கடைக்கார அக்கா கூடுதலாகச் சிரித்தால்கூட ஏன் சிரிக்கிறாள் என்று யோசித்தேன். ஜன்னலுக்குத் துணி கட்டினேன். குரலைத் தாழ்த்திப் பேசினேன். ஒன்றும் பலிக்கவில்லை. புதிதாக ஒருவர் வந்து போனால் அடுத்த வாரமே அவர் பெயரும் கடையில் அடிபட்டது.

பிறகு ஒரு சனிக்கிழமை, கடை வாசலில் மாமியார் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "நாளைக்குப் பேத்திய ஸ்ரீ கெம்பாங்கானுக்குக் கொண்டு போறேன்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்தால் நிறுத்தி நலம் விசாரிப்பது என் வழக்கம். அன்று பற்றிக்கொண்டு வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு விடுவிடுவென்று கொட்டகைக்குப் போய்விட்டேன்.

நான் உட்காருவதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு அவரே வந்தார். குழந்தை இடுப்பில்தான் இருந்தது. பின்னாலேயே மருமகள் ஓடி வந்து வாசலில் நின்றாள்.

"எனக்கு என்ன பைத்தியமா? ஏன் பேசாமப் போன?"

"கோபம், ஆன்டி. அதான்."

"கோபமா! நீ யார்கிட்ட பேசாமப் போறியோ அவங்கதான் உன் பேஷண்டுன்னு தோட்டத்துக்கே தெரியும். இப்ப கடையில எல்லாரும் என்ன ஒரு மாதிரி பாக்குறாங்க!"

தலையில் தண்ணீர் கொட்டியது போலிருந்தது. ஆலோசனைக்கு வருபவரை வெளியில் கண்டால் நாமாகப் பேசக் கூடாது என்பது எங்கள் தொழில் விதி. அவர்களைக் காப்பாற்றத்தான் அது. பிரிக்பீல்ட்ஸ் கூட்டத்தில் யார் யாரைக் கவனிக்கிறார்கள்? இங்கே இருப்பது ஒரே ஒரு மண் சாலை. எதிரே வருகிற எல்லோரையும் நலம் விசாரித்துவிட்டு, என்னிடம் ஆலோசனைக்கு வரும் சிலரை மட்டும் தெரியாதவர் போலக் கடந்து போயிருக்கிறேன். சாவிக்காரரும் கிழவியும் வாயே திறந்திருக்கத் தேவையில்லை.

"வெளிய வந்து எல்லார் முன்னாடியும் என்கிட்ட பேசு" என்றார் மாமியார்.

"பேசுறேன் ஆன்டி. மொதல்ல பாப்பாவ அவ கையில குடுங்க. நாளைக்கு எங்கயும் கொண்டு போகாதீங்க."

"குடுக்கலன்னா?"

"இன்னைக்கு மாதிரியே என்னைக்கும் பேசாமப் போவேன்."

எங்கள் படிப்பில் இதற்கு மிரட்டல் என்று பெயர். அன்று எனக்குக் கொஞ்சமும் வெட்கமில்லை. மாமியார் என்னை எரித்துவிடுவது போலப் பார்த்தார். பிறகு திரும்பிக் குழந்தையை மருமகள் கையில் திணித்தார். அவரோடு கடைவரை நடந்து, பேத்திக்குப் பல் முளைத்துவிட்டதா, அவருடைய முட்டிவலி எப்படி என்று ஊருக்கே கேட்கும்படி விசாரித்தேன். குழந்தை ஸ்ரீ கெம்பாங்கானுக்குப் போகவில்லை.

நான் திரும்பி வந்தபோது அந்தப் பெண் குழந்தையோடு கொட்டகை வாசலிலேயே நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"அப்ப இத்தன நாளும் நீங்கதானா மிஸ்ஸி?"

விதியை விளக்கத் தொடங்கினேன். எனக்கே அது நொண்டிச் சாக்காகக் கேட்டது.

"கிளினிக்குக்குப் போவேன். மருந்த நிறுத்தமாட்டேன். உங்ககிட்ட மட்டும் இனிமே வரல."

அவள் சொன்னபடியே செய்தாள். கிளினிக் தாதியிடம் விசாரித்தேன். ஒழுங்காக வருகிறாள், தூங்குகிறாள் என்றார். இப்போது அவள் என்னிடம் வருபவள் இல்லை, அதனால் வழியில் கண்டால் பேச எந்தத் தடையும் இல்லை. சத்தமாகவே கூப்பிடுகிறேன். அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறாள்.