கோரைக்குள் கிடந்த சாக்கு

எங்கள் ஊர்க் கண்மாயில் சித்திரையில் சொட்டுத் தண்ணீர் இருக்காது. ஆனாலும் மடைக்குக் கீழே, ஈரம் வற்றாத பள்ளத்தில் கோரை மட்டும் ஆளுயரம் நிற்கும். நுனி காய்ந்து சருகாகியிருந்தாலும் அடித்தண்டு பச்சையாக இருக்கும். தண்டை விரலிடுக்கில் வைத்து உருட்டினால் மூன்று விளிம்பும் உறுத்தும். வேறு பச்சை கிடைக்காத நாட்களில் மாட்டுக்கு அதைத்தான் அறுத்துப் போடுவோம்.

எனக்கு அப்போது பத்து வயது. நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அம்மா வேலை பார்த்தாள். பெரியப்பா அங்கே வேலையாட்களை மேற்பார்க்கும் போர்மேன். ஒருநாள் நான் கோரை அறுத்துக்கொண்டிருந்தபோது உள்ளே ஒரு சாக்கு வாய் பிரிந்து கிடந்தது. சாம்பல் நிறத்தில் பட்டாசு மருந்து கொட்டியிருந்தது. விலகி அறுக்கத்தான் பார்த்தேன். அரிவாள் கல்லில் பட்டது. கண்ணுக்கு முன்னால் வெள்ளையாக ஒன்று எரிந்தது மட்டும்தான் தெரியும். வலது கை முழங்கை வரை வெந்துபோனது. பாதிக் கோரையும் எரிந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் ஓர் அதிகாரி விசாரிக்க வந்தார். பெரியப்பா அவருக்கு நாற்காலி எடுத்துப் போட்டார்.

"சின்னப்புள்ளைக சார். தீப்பெட்டிய வச்சு வெளாண்டிருக்குக" என்றார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தபடி, "ஆமா சார், வீட்ல இருந்த தீப்பெட்டியத்தான் எடுத்துட்டுப் போயிருக்கா" என்றாள்.

"பொய்யி. அங்கன கம்பெனிச் சாக்கு கெடந்துச்சு."

அம்மா என் கன்னத்தில் அறைந்தாள். வெந்த கையைவிட அது எரிந்தது. அதிகாரி எழுதிக்கொண்டு போய்விட்டார். தெருவே கேட்டுக்கொண்டு நின்றது. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் கம்பெனிக்குச் சீல் வைப்பார்கள், சீசன் நேரத்தில் ஊரே வேலையில்லாமல் உட்காரும் என்று பெரியப்பா வீடுவீடாகச் சொல்லியிருந்தார்.

மறுநாள் அம்மா வேலைக்குப் போனாள். அதை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சாயங்காலம் வந்து, கட்டுப்போட்ட கையோடு கிடந்த எனக்குச் சோறு ஊட்டினாள். அவள் முகத்திலேயே துப்பினேன். துடைத்துக்கொண்டு அடுத்த வாயைப் பிசைந்தாள்.

"சாக்கு கெடந்தது ஒனக்குத் தெரியும்ல?"

"தெரியும். சாப்பிடு."

"தெரிஞ்சும் ஏன் அடிச்ச?"

பிசைந்த வாயை என் உதட்டருகே நீட்டினாள். பெரியப்பாவுக்குப் பயந்துதான் அடித்தாள் என்று முடிவுகட்டி, வெகுநாள் அவளோடு பேசாமல் இருந்தேன். கழிவு மருந்தை யார் கண்ணிலும் படாத இடத்தில் போட்டுவரச் சொல்லி பெரியப்பா எந்தப் பெண்ணின் தலையில் அந்தச் சாக்கைத் தூக்கிவைத்தார் என்பதை மட்டும் நான் கேட்கவில்லை. கோரை எங்கே அடர்ந்து நிற்கும் என்று என்னைப் போலவே அம்மாவுக்கும் தெரியும் என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.