கோலா செபெத்தாங் படகில் ஒரு அலுமினியத் தட்டு

ஐம்பத்து மூன்று வருடமாகப் பேராக் மாநிலத்தில் குப்பை கொட்டுகிறேன். நம் கடலில் டால்பின் இருப்பது போன வருடம்தான் தெரியும். சிலிபினில் என்னோடு வேலை செய்யும் மணியம் கைப்பேசியில் ஒரு படம் காட்டினான். மூக்கு நீளாத உருண்டைத் தலை, முதுகில் பெயருக்கு ஒரு துடுப்பு. ஐராவதி டால்பின், மலாயில் எம்பெசுட். அதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பள்ளி விடுமுறையின் முதல் சனிக்கிழமை இருவரும் கிளம்பினோம்.

காலை ஆறரைக்குச் சிலிபினில் காரை எடுத்தோம். நெடுஞ்சாலையில் தைப்பிங் வரை போய், அங்கிருந்து அலையாத்திக் காட்டு ஓரமாகக் கோலா செபெத்தாங். மொத்தம் தொண்ணூறு கிலோமீட்டருக்குள்தான். எட்டு மணிக்குக் கறி மீ (குழம்பில் மிதக்கும் நூடுல்ஸ், அதைச் சாப்பிடாமல் திரும்பாதீர்கள்). ஒன்பது மணிக்குப் படகு, தலைக்கு ஐம்பது ரிங்கிட், மொத்தம் பத்துப் பேர். படகோட்டி சேகருக்கு முப்பது வயதிருக்கும். அவன் குடும்பமும் என் குடும்பமும் கோலா கங்சார் பக்கம் அடுத்தடுத்த ரப்பர் தோட்டங்களில் இருந்தவை என்று தெரிந்ததும் ‘அண்ணே’ என்று ஒட்டிக்கொண்டான்.

இந்த டால்பின் துள்ளிக் குதித்து வித்தை காட்டும் ஜாதி இல்லை. கூச்ச சுபாவம். வாயால் தண்ணீரைப் பீய்ச்சி மீன்களை ஒதுக்கிப் பிடிக்கும். கழிமுகத்துக் கலங்கல் தண்ணீரில் கண் அதிகம் உதவாது. சத்தம் எழுப்பி, அது பட்டுத் திரும்புவதைக் கேட்டுத்தான் வழியையும் இரையையும் அறியும். ஒரு வருடத்துக்கு மேல் சுமந்து ஒரே ஒரு குட்டி போடும். இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் படகில் ஏறினேன். அதை நினைத்தால்தான் என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

அரை மணி நேரத்தில் கழிமுகம் வந்தது. நூறு மீட்டர் தள்ளி மூன்று சாம்பல் நிற முதுகுகள் தெரிந்தன. அதில் ஒன்று சின்னது. தண்ணீரைப் பீய்ச்சியபடி மீன் பிடித்துக்கொண்டிருந்தன. கிட்டே போகச் சொல்லி ஆளாளுக்கு நச்சரித்தார்கள். சேகர் இருக்கைக்கு அடியிலிருந்து ஓர் அலுமினியத் தட்டும் ஸ்பேனரும் எடுத்து என்னிடம் நீட்டினான்.

“தண்ணிக்குள்ள பாதி முக்கி வச்சுத் தட்டுங்கண்ணே. தட்டுனா மேல வரும்லா. ஒங்க கைராசியப் பாப்போம்.”

என் அப்பா தோட்டத்தில் பெரட்டு அடித்தவர். விடியற்காலை ஐந்து மணிக்கு அவர் தண்டவாளத் துண்டில் அடித்தால் ஆட்கள் பெயர் கொடுக்க ஓடிவர வேண்டும். மூன்று அடி நீட்டி, இரண்டு அடி குறுக்கி. அந்தத் தாளம் எனக்கு அத்துப்படி. அதையே அடித்தேன். தலைகள் எழும்பின.

“பெரட்டுக்கு வந்துருச்சு மச்சான்,” என்றான் மணியம். படகே கை தட்டியது.

மறுபடி அடித்தேன். மறுபடியும் எழும்பின, இன்னும் தள்ளி. நாலாவது தடவைதான் எனக்கு உறைத்தது. முதல் அடியிலேயே அவை மீன் பிடிப்பதை விட்டுவிட்டன. நாங்கள் விரட்டிக்கொண்டிருந்தோம். அவை மூச்சு வாங்க எழும்புவதைப் பார்த்து, கூப்பிட்டதும் வந்துவிட்டதாகக் கொண்டாடிக்கொண்டிருந்தோம். அதற்குள் இன்னும் இரண்டு படகுகள் வந்துவிட்டன. அவற்றிலும் தட்டு. குட்டி எங்கள் பக்கம் தனியாக எழும்பியது. தாய் அந்தப் படகுகளுக்கு அப்பால் இருந்தது.

தோட்டத்தில் அந்தச் சத்தத்துக்கு யாரும் ஆசைப்பட்டு வந்ததில்லை. கைக்குழந்தையாக இருந்த என் தம்பியை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு அம்மா ஓடியதும் அதற்குத்தான். தட்டை இருக்கையில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன்.

“சேகர், இஞ்சின ஆஃப் பண்ணு.”

எதிரே மஞ்சள் தொப்பி போட்ட தைப்பிங்காரர் எகிறினார். “நீங்க மட்டும் ஆச தீரத் தட்டிட்டீங்க. எங்க பிள்ளைங்க தட்ட வேணாமா? அம்பது வெள்ளி குடுத்துருக்கோம்லா.”

நியாயமான கேள்வி. ஆனாலும் நான் எழுந்திருக்கவில்லை.

“நான் தட்டலன்னா அடுத்த படகுக்குப் போயிருவாங்கண்ணே,” என்றான் சேகர்.

“குட்டியப் பாரு தம்பி. தாய் அந்தாண்ட நிக்குது.”

பார்த்தான். இஞ்சினை நிறுத்தினான். மற்ற படகுகளுக்கும் கைகாட்டி, நிறுத்தச் சொல்லி மலாயில் கத்தினான். ஒன்று நின்றது. இன்னொன்று படம் எடுத்து முடிக்கும்வரை தட்டிவிட்டுத்தான் போனது.

பதினொரு நிமிடம், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். குட்டி அதே இடத்தில் எழும்பி எழும்பி முங்கியது. பிறகு படகை ஒட்டி ‘புஸ்’ என்று பெரிய மூச்சு ஒன்று கேட்டது. அடுத்த மூச்சுக்கு இரண்டு முதுகுகளும் சேர்ந்தே எழும்பின. மூன்றாவதும் வந்து சேர, மீன் இருந்த இடத்தை விட்டுவிட்டுக் கடல் பக்கம் போய்விட்டன. அவற்றின் காலைச் சாப்பாட்டில் மண்ணள்ளிப் போட்டிருந்தோம்.

“குதிக்கவே இல்லியே,” என்றார் மஞ்சள் தொப்பி.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. படகுத்துறையில் தொங்கும் விளம்பரப் பலகையில் துள்ளிக் குதிப்பது ஏதோ ஒரு கடலின் வேறு டால்பின். அதைக் காட்டிக் காசு வாங்கிவிட்டு, இங்கே இருப்பதைத் தட்டி எழுப்புகிறார்கள். கேட்க நாதியில்லை என்ற தைரியம்தான். இறங்கும்போது சேகர் தட்டைக் கேட்டான். தர முடியாது என்றேன்.

“வேற வாங்கிக்குவேண்ணே,” என்றான். சிரிக்கவில்லை.

போகிறவர்கள் வார நாளில் போங்கள், கூட்டம் குறைவு. தொப்பி, தண்ணீர் கட்டாயம். டால்பினைக் கண்டதும் தூரத்திலேயே இஞ்சினை நிறுத்தச் சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். வந்தால் பாருங்கள், வராவிட்டால் திரும்பி வந்து இன்னொரு கறி மீ சாப்பிடுங்கள். ஏறும் முன்பு இருக்கைக்கு அடியில் குனிந்து பாருங்கள். தட்டு இருந்தால் ஏறாதீர்கள். ஏன் என்று படகோட்டி கேட்பான். அன்றைக்கு முதல் அடி அடித்தவன் ஏற வேண்டாம் என்றான் என்று சொல்லுங்கள்.