அறுபது நாள் புருஷன்

பழைய தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் மாயாவோடு வாய்ச்சண்டை போட்டவர் என்று ஒருவரைக் காட்டிவிட முடியாது. தண்ணீர் டேங்கர் வருகிற அன்றைக்குக்கூட குடத்தை வைத்துவிட்டுச் சும்மா நிற்கிற பெண். ஆனால் வருமான வரி என்று யாராவது வாயெடுக்கட்டும், அவ்வளவுதான், மூக்கு விடைத்துவிடும். இத்தனைக்கும் அவள் ஒரு பைசா வரி கட்டியவள் இல்லை. பெங்களூர் ஒயிட்பீல்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. அந்தச் சம்பளத்தை எந்த ஆபீசர் சீண்டப் போகிறான்? அவள் கோபம் வேறு. வருமான வரி அவளுக்குச் சக்களத்தி. பத்து மாதம் புருஷனைப் பிடித்து வைத்துக்கொண்டு, போனால் போகிறது என்று இரண்டு மாதம் இவளிடம் விட்டுவைக்கிற சக்களத்தி.

புருஷன் இனியன் தான்சானியாவில் ஒரு தங்கச் சுரங்கத்தில் போர்மேன். அவன் அப்பா இங்கே சுரங்க ஷாப்டில் இறங்கி ஏறியவர். மகன் இறங்குகிற வயது வந்தபோது மைனை மூடிவிட்டார்கள். பிறகென்ன, ஊரே பெங்களூருக்கு ரயிலேறியது, கட்டட வேலைக்கு இவனும் ஏறினான். அதே வண்டியில்தான் மாயாவும் போவாள். எதிர் சீட்டில் தொடங்கிய பழக்கம் புத்த விகாரையில் மாலை மாற்றுவதில் போய் முடிந்தது. கல்யாணத்துக்கு அப்புறமும் ரயில்தான். வீட்டில் மாமியார், நாத்தனார், பிறகு கைக்குழந்தை கயல்விழி. புருஷன் பெண்டாட்டி பேச நேரமேது? வண்டியில் ஏறியதும் அவன் தோளில் தலையைச் சாய்த்தாளானால் ஒயிட்பீல்டு வரும்வரை நிமிர மாட்டாள். அந்தப் பெட்டியில்தான் நீங்கள் குடித்தனம் நடத்தினீர்கள் என்று சொன்னால் சிரிப்பாள், இல்லை என்று சொல்ல மாட்டாள்.

அவன் தான்சானியா போய் ஒன்பது வருஷம். இன்னும் அவளுக்குப் பழகவில்லை. ராத்திரி சோறு போடும்போது ஒரு தட்டு கூடுதலாக எடுத்துவிட்டு, மகள் பார்ப்பதற்குள் உள்ளே வைத்துவிடுவாள். இந்த வயதில் என்ன ஏக்கம் என்று ஊரில் கேட்பார்கள்தான். கேட்கிறவர்களுக்கென்ன, அவரவர் புருஷன் பக்கத்தில் குறட்டை விடுகிறான்.

முதல் லீவில் வந்தபோதே இனியன் சொல்லிவிட்டான்.

"அறுபது நாளுக்கு மேல இங்க இருந்தேன்னு வெச்சிக்கோ, அங்க வாங்கற சம்பளத்துக்கும் இங்க வரி கட்டணும். ரிட்டர்ன் பைல் பண்ணணும். லாய்டு சொன்னான்."

லாய்டு பக்கத்து மாரிகுப்பத்துக்காரன், அதே சுரங்கத்தில் இவனுக்கு முன்னால் சேர்ந்தவன். அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அன்றிலிருந்து ஒவ்வொரு டிசம்பரிலும் இனியன் வருவான். பிப்ரவரி பிறந்ததும் பெட்டியைத் தூசி தட்டுவான். ஏப்ரல் பதினாலாம் தேதி, அம்பேத்கர் ஜெயந்திக்கு குடியிருப்பு லைன் முழுக்க நீலக்கொடி கட்டி ஊர்வலம் போகும். ஜோடி ஜோடியாக நடக்கிறவர்களுக்கு நடுவில் மாயா மகளோடு நடப்பாள். இந்த ஒன்பது வருஷத்தில் அதற்கு அவன் ஒரு தடவைகூட இருந்ததில்லை.

ஒரு தடவை கேட்டும் பார்த்தாள். "அந்த வரியக் கட்டித் தொலைச்சிடலாம், இருங்களேன்."

"இன்னா பேசற நீ? அதுக்கா போயி மண்ணுக்குள்ள கிடக்கறேன்?" என்றான்.

இந்த நவம்பரில் பாங்கிலிருந்து ஒரு மெசேஜ் வந்தது. இனியன் பேரில் போட்டிருந்த டெபாசிட்டின் வட்டியில் வரி பிடித்துவிட்டார்களாம். போன தடவை கணக்குத் தப்பி ஒரு நாள் கூடுதலாக இருந்துவிட்டானோ? அதைச் சாக்காக வைத்து இந்த டிசம்பருக்கு வராமலே இருந்துவிடுவானோ? சனிக்கிழமை மாயா லீவு போட்டுவிட்டு ராபர்ட்சன்பேட்டைக்குப் போனாள். அங்கே கிளாரன்ஸ் என்ற பெரியவர் பத்துக்குப் பத்து அறையில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கிறார்.

"சார், எங்க வீட்டுக்காரரு ரிட்டர்ன் போடணுமா வேணாமா? அத மட்டும் சொல்லுங்க."

"இரும்மா. வெளிநாட்டுலதானே கீறாரு? வருசத்துல எத்தினி நாள் இங்க இருப்பாரு?"

"அறுபது தாண்டினதே இல்ல சார். ரூல் தெரியும்" என்றாள் மாயா, பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி.

"இன்னா ரூலு?"

அவள் சொன்னாள். கிளாரன்ஸ் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"எவம்மா சொன்னது? அந்த அறுபது எல்லாருக்கும் கிடையாது. வேலைக்கின்னு வெளிநாடு போயி, லீவுல வீட்டுக்கு வர்ற நம்ம ஆளுங்களுக்கு நூத்தி எண்பத்திரண்டு. இங்க வருமானம் பதினஞ்சு லட்சத்த தாண்டினாத்தான் அது குறையும். உங்களுக்கு இந்த வட்டி ஒண்ணுதானே? வருசத்துக்கு அஞ்சு மாசம் தாராளமா வந்து இருக்கட்டும். அந்தச் சம்பளத்த இங்க யாரும் தொட மாட்டாங்க."

"அப்போ ரிட்டர்ன்?"

"வரம்புக்குக் கீழதான் கீது, கட்டாயமில்ல. புடிச்ச வரி திரும்ப வேணும்னா போடலாம்."

"இங்கியே இருந்துட்டா?"

"இங்கியே இருந்து, வரம்பத் தாண்டி சம்பாரிச்சாருன்னா நம்ம எல்லாரையும் போலத்தான். வருசா வருசம் பைல் பண்ணணும்."

அஞ்சு மாசம்! மாயாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வீடு போய்ச் சேரும்வரை யார் பொறுப்பது? பஸ் ஸ்டாண்டிலேயே, ஹாரன் சத்தத்துக்கு நடுவே, ஒரு காதைப் பொத்திக்கொண்டு வாட்ஸ்அப்பில் கூப்பிட்டாள். இனியன் எடுத்ததுதான் தாமதம், கிளாரன்ஸ் சொன்னதையெல்லாம் மூச்சு விடாமல் கொட்டினாள்.

"ஏப்ரல் பதினாலுக்கு இருக்கலாம்ங்க! ஊர்வலம் முடிச்சிட்டே போலாம்! கேக்குதா?"

"கேக்குது."

"இன்னா, சந்தோசமே இல்ல?"

"தெரியும் மாயா."

"இன்னா தெரியும்?"

"மூணாவது வருசமே லாய்டு சொல்ட்டான், நான் தப்பா சொல்லிட்டேன் மச்சான்னு. லீவும் சேத்துக் கேட்டா குடுப்பாங்க."

பக்கத்தில் நின்றவர்களைப் பற்றிக் கவலைப்படாமல் மாயா கேட்டுவிட்டாள்.

"அங்க எவளயாவது வெச்சிகினு கீறியா?"

கல்யாணமான நாளிலிருந்து அவனை அவள் நீ என்று சொன்னதில்லை.

"அடச்சீ! வாயக் கழுவு." அவன் குரல் இறங்கியது. "ரெண்டு மாசம் இருந்துட்டுக் கிளம்பறதுக்கே ஏர்போர்ட்டுல கால் வர மாட்டேங்குது. உள்ள போயி பாத்ரூம்ல அழுதுட்டுத்தான் பிளேன் ஏறுவேன், தெரியுமா? மூணாவது மாசமும் உன் கையால தின்னுட்டு இருந்தேன்னா என்னை எவனாலயும் திருப்பி அனுப்ப முடியாது. பொண்ணு படிக்கணும், கட்டற வீடு முடியணும். எனக்கே பயந்துதான் அந்த அறுபதப் புடிச்சிகினு இருந்தேன்."

அவன் தெரிந்தே மறைத்த ஆறு வருஷமும் இவள் யாரோ ஆபீசரைச் சபித்துக்கொண்டிருந்தாள். ஆளை வெட்டிப் போடலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. எட்டாத தூரத்தில் இருக்கிறவனை எதைச் செய்வது? முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பொண்ணுக்கு படிப்புல இது கடைசி வருசம். வீடு அரைகொறையா நின்னா நிக்கட்டும், தலைக்கு மேல ஓடு கீது. எனக்கு உங்களக் காணாம முடியலங்க. நிஜமா முடியல. அடுத்த மாசம் வர்றீங்க. போவ கால் வரலன்னா போவாதீங்க."

"இங்க வந்து இன்னாடி பண்ணுவேன்?"

"பெங்களூர்ல எதுனா வேல கெடைக்கும். கூடக் கொறைய சம்பாரிச்சா ரிட்டர்ன் பைல் பண்ணணுமாம், அதையும் கேட்டுட்டேன். பண்ணிட்டுப் போவோம். நானே உக்காந்து போட்றேன்."

அந்தப் பக்கம் அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"ரிட்டர்ன எந்தத் தேதிக்குள்ள போடணுமாம்?" என்று கேட்டான் இனியன்.